அமெரிக்கா கிறிஸ்தவ நாடாகத்தான் நிறுவப்பட்டதா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவை உருவாக்கியவர்கள் அதை ஒரு கிறிஸ்தவ நாடாக நினைத்து உருவாக்கினார்களா, மதத்தை ஒதுக்கிவைத்த அரசாக உருவாக்கினார்களா? இரண்டு தரப்பாரும் அதே தலைவர்களின் சொற்களையே ஆதாரமாகக் காட்டும்போது எதை நம்புவது?

மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் இந்த வாதம் முடிவில்லாமல் நீள்கிறது. அங்கே வாழ்ந்த மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது ஒன்று. 13 மாநிலங்களின் அரசுகள் மதத்தை எப்படி நடத்தின என்பது இரண்டாவது. 1787இல் எழுதப்பட்ட சாசனத்தின் வழியே பிறந்த மத்திய அரசு எப்படிப்பட்டது என்பது மூன்றாவது. மக்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். மாநிலங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் கிறிஸ்தவத்தைத் தங்கள் சட்டத்தில் எழுதிவைத்திருந்தன. மத்திய அரசோ, தெரிந்தே, எந்தச் சமயத்தின் மீதும் நிறுத்தப்படவில்லை. இந்தக் கடைசி முடிவுக்காக மிகக் கடுமையாகப் போராடியவர்களில் பலர் ஆழ்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் என்பதை இரு தரப்பாரும் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை முழுக் கதையின் திறவுகோலும் அதில்தான் இருக்கிறது.

முதலில் வடகிழக்குக் கரையின் நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்கள். 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் கரையிறங்குமுன் எழுதிய உடன்படிக்கை, தேவனுடைய மகிமைக்காகவும் கிறிஸ்தவ விசுவாசத்தின் வளர்ச்சிக்காகவும் இந்தப் பயணம் மேற்கொள்ளப்பட்டதாகச் சொல்கிறது. 1630இல் மாசசூசெட்ஸ் வந்த ஜான் விந்த்ரப், தன் மக்களை மலையின்மேல் இருக்கிற பட்டணத்தோடு ஒப்பிட்டார். அடுத்த ஆண்டே அங்கே திருச்சபையில் முறைப்படி சேர்க்கப்பட்ட ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்று விதி வந்தது. அவர்கள் தேடி வந்தது தங்கள் வழிபாட்டுக்கான சுதந்திரம். அதை மாற்றுக் கருத்துடையவர்களோடு பகிர்ந்துகொள்ளும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. மனச்சாட்சியை ஆளும் உரிமை அரசு அதிகாரிகளுக்கு இல்லை என்று பேசிய போதகர் ரோஜர் வில்லியம்ஸுக்கு 1635இல் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் நாரகான்செட் பழங்குடியினரிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸ் என்ற ஊரை அமைத்தார். தடையை மீறித் திரும்பத் திரும்பப் பாஸ்டனுக்கு வந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண் மேரி டையர், 1660இல் அங்கே தூக்கிலிடப்பட்டார்.

திருச்சபை என்ற தோட்டத்துக்கும் உலகம் என்ற வனாந்தரத்துக்கும் நடுவே ஒரு மதில் வேண்டும், அந்த மதிலில் திறப்பு விழுந்தால் தோட்டமே வனாந்தரமாகிவிடும் என்று வில்லியம்ஸ் 1644இல் எழுதினார். மதில் என்ற உருவகத்தைப் பின்னாளில் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் கையாள்வதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, ஒரு போதகர் திருச்சபையைக் காப்பாற்றுவதற்காக அதைக் கையாண்டிருக்கிறார்.

வர்ஜீனியாவின் நிலை வேறு. அங்கே இங்கிலாந்து திருச்சபைதான் அரசின் திருச்சபை. குருவானவரின் ஆண்டுச் சம்பளம் 16,000 பவுண்டு புகையிலை என்று சட்டமே நிர்ணயித்திருந்தது. எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் எல்லாரும் வரி கட்டியே அதைத் திரட்டினார்கள். 1760களில் பாப்டிஸ்ட் போதகர்கள் உரிமம் கேட்க மறுத்து வெளியில் நின்று பிரசங்கித்தபோது, அமைதியைக் குலைத்ததாகச் சொல்லிச் சிறையில் அடைத்தார்கள். கல்பெப்பர் ஊர்ச் சிறையில் அடைக்கப்பட்ட ஜேம்ஸ் அயர்லண்ட் என்ற போதகர், கம்பிச் சன்னல் வழியாக வெளியே கூடியவர்களுக்குப் பிரசங்கித்தார். அவர் வாயை அடைக்கக் கந்தகத்தைக் கொளுத்தி உள்ளே புகையவிட்டார்கள். இப்படிப்பட்ட செய்திகள் பக்கத்து மாவட்டத்தில் வாழ்ந்த ஓர் இளைஞரை உறங்கவிடவில்லை. 1774 ஜனவரியில், நல்ல மனிதர்கள் ஐந்தாறு பேர் தங்கள் மதக் கருத்துக்காகச் சிறையில் கிடக்கிறார்களே என்று நண்பருக்குக் கொதித்து எழுதிய அந்த இளைஞர்தான், பின்னாளில் அரசியல் சாசனத்தின் தந்தை எனப்பட்ட ஜேம்ஸ் மேடிசன்.

விடுதலைப் போரில் கிறிஸ்தவத்தின் பங்கு பெரியது. அதை மறுப்பவர் அந்தக் காலத்துப் பிரசங்கங்களைப் படிக்காதவராகத்தான் இருக்க முடியும். எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன் என்ற ரோமர் 13ஆம் அதிகாரம் அரசர்களின் கோட்டையாக இருந்தது. பாஸ்டன் போதகர் ஜோனதன் மேஹியூ 1750இல் அதே அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, நன்மை செய்யும் ஆட்சியாளனே தேவனுடைய ஊழியக்காரன், கொடுங்கோலனுக்குக் கீழ்ப்படியும் கடமை யாருக்கும் இல்லை என்று விளக்கினார். சாதாரண உழவனுக்குக் கலகம் செய்வதில் இருந்த பாவப் பயத்தைப் போக்கியவை தத்துவ நூல்களைவிட இத்தகைய பிரசங்கங்கள்தாம் என்பது என் கணிப்பு.

1774 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் மன்றமான முதல் காங்கிரஸ் கூடியபோது, ஜெபத்தோடு தொடங்கலாமா என்ற பேச்சு எழுந்தது. நாம் வெவ்வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள், எப்படிச் சேர்ந்து ஜெபிப்பது என்று ஜான் ஜேயும் ரட்லெட்ஜும் தயங்கினார்கள். கடும் பியூரிட்டன் மரபில் வந்த சாமுவேல் ஆடம்ஸ் எழுந்து, தான் குறுகிய மனத்தவன் அல்லன் என்றும், பக்தியும் நாட்டுப்பற்றும் உள்ள யாருடைய ஜெபத்தையும் கேட்கத் தன்னால் முடியும் என்றும் சொன்னார். இங்கிலாந்து திருச்சபைக் குருவான ஜேக்கப் டூஷே அழைக்கப்பட்டார். அவர் அன்றைய முறைப்படி வாசித்தது 35ஆம் சங்கீதம்: "கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடி, என்னோடு யுத்தம்பண்ணுகிறவர்களோடே யுத்தம்பண்ணும்." பாஸ்டன் நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானதாக வதந்தி பரவியிருந்த நேரம் அது, கேட்டவர்கள் உருகிப்போனார்கள் என்று ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்கு எழுதினார். இந்தக் காட்சியை ஓவியமாக வைத்திருப்பவர்கள் அதன் பிற்பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அதே டூஷே 1777இல் பிரிட்டன் பக்கம் சாய்ந்து, விடுதலைப் பிரகடனத்தைத் திரும்பப் பெறச் செய்யுமாறு வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார்.

1776ஆம் ஆண்டின் பிரகடனத்தில் இயற்கையின் தேவன், சிருஷ்டிகர், உலகின் உன்னத நீதிபதி, தெய்வப் பராமரிப்பு என நான்கு இடங்களில் கடவுள் வருகிறார். கடைசி இரண்டும் ஜெஃபர்சனின் வரைவில் இல்லாதவை, காங்கிரஸ் சேர்த்தவை. இயேசு கிறிஸ்துவின் பெயர் எங்கும் இல்லை. கையொப்பமிட்ட 56 பேரில் பணியில் இருந்த போதகர் ஜான் விதர்ஸ்பூன் ஒருவர் மட்டுமே. போதகர் விதர்ஸ்பூனும், கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை ஏற்காத ஜெஃபர்சனும் மனமொப்பிக் கையெழுத்திடும்படி அமைந்த சொற்கள் அவை. அந்தப் பொதுமொழி கிறிஸ்தவ மண்ணில் விளைந்தது என்பது மெய்; அது எந்தச் சபையின் விசுவாச அறிக்கையும் ஆகாது என்பதும் மெய்.

மாநிலங்களுக்கு வந்தால் கிறிஸ்தவ நாடு என்று வாதிடுபவர்களின் கை ஓங்கியே இருக்கிறது. 1776ஆம் ஆண்டின் டெலவேர் சாசனம், பதவி ஏற்பவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மீது விசுவாசம் அறிக்கையிட வேண்டும் என்றது. பென்சில்வேனியாவில் சட்டமன்ற உறுப்பினர் பழைய, புதிய ஏற்பாடுகள் இரண்டும் தேவ ஏவுதலால் உண்டானவை என்று உறுதிமொழி சொல்ல வேண்டும். 1790இல்தான் அது தளர்ந்தது. மேரிலண்டில் யூதர்கள் அரசுப் பதவி ஏற்க 1826 வரை காத்திருந்தார்கள். மாசசூசெட்ஸின் 1780ஆம் ஆண்டுச் சாசனம் புராட்டஸ்டன்ட் போதகர்களைப் பொது வரியால் ஆதரிக்க வழிசெய்தது. இதற்கு நேர்மாறாக, 1777இல் நியூயார்க் மாநிலம் போதகர் எவரும் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்று எழுதிவைத்தது.

ஆனால் திருப்புமுனை நிகழ்ந்தது வர்ஜீனியாவில். 1784இல் பேட்ரிக் ஹென்றி ஒரு மசோதாவை ஆதரித்தார்: எல்லாரிடமும் வரி வாங்கி, அவரவர் விரும்பும் கிறிஸ்தவ சபையின் போதகருக்கே கொடுப்பது. மேலோட்டமாகப் பார்த்தால் தாராளமான ஏற்பாடுதான். எந்த ஒரு சபைக்கும் தனிச் சலுகை இல்லை. ஆனால் அந்த ஆண்டு இறுதியில் ஹென்றி ஆளுநராகிச் சட்டமன்றத்தை விட்டுச் சென்றார். மேடிசன் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் செய்து, 1785இல் தன் பெயரைப் போடாமல் ஓர் எதிர்ப்பு மனுவை எழுதிச் சுற்றுக்கு விட்டார். பிற மதங்களை விலக்கிக் கிறிஸ்தவத்தை நிறுவும் அதிகாரம் ஓர் அரசுக்கு உண்டென்றால், பிற சபைகளை விலக்கி ஒரே ஒரு சபையை நிறுவும் அதிகாரமும் அதே எளிமையோடு அதற்கு வந்துவிடும் என்பது அதன் மையமான வாதம். மூன்று பென்ஸ் மட்டுமே வசூலித்தாலும் கொள்கை ஒன்றுதான் என்றார் அவர். கிறிஸ்தவம் அரசின் துணையின்றி மட்டுமல்ல, அரசுகளின் எதிர்ப்பையும் மீறி வளர்ந்த மார்க்கம் என்பதையும் அந்த மனு நினைவூட்டியது.

அந்த மனுவைவிட அதிகக் கையொப்பங்களைப் பெற்றது, இந்த வரி சுவிசேஷத்தின் ஆவிக்கே விரோதமானது என்று சாதாரண விசுவாசிகள் அனுப்பிய இன்னொரு மனு. சிறைக் கம்பிகளை நேரில் பார்த்திருந்த பாப்டிஸ்ட்டுகளுக்கு அரசின் காசும் அரசின் சாட்டையும் ஒரே கையில் இருப்பது தெரிந்திருந்தது. மசோதா விழுந்தது. அதன் இடத்தில், ஜெஃபர்சன் முன்பே எழுதிவைத்திருந்த சமய சுதந்திரச் சட்டத்தை 1786 ஜனவரியில் வர்ஜீனியா நிறைவேற்றியது. அதன் முகவுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்கக் கொண்டுவந்த திருத்தம் பெரும்பான்மையால் தோற்றது. யூதர், புறவினத்தார், கிறிஸ்தவர், முகமதியர், இந்து, எந்த நம்பிக்கையும் இல்லாதவர் என எல்லாரையும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவரவே அவர்கள் விரும்பினார்கள் என்பதற்கு அந்தத் தோல்வியே சான்று என்று ஜெஃபர்சன் முதுமையில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். இந்துக் கோயில் ஒன்றுகூட இல்லாத ஒரு மாநிலத்தின் சட்டத்தைப் பேசும்போது அவர் இந்து என்ற சொல்லை எழுதியிருப்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நான் சற்று நின்றுவிடுகிறேன்.

1787இல் சாசனம் எழுதக் கூடியவர்கள் இந்த அனுபவங்களோடுதான் வந்தார்கள். வாதங்கள் முட்டிக்கொண்டு நின்ற ஜூன் 28 அன்று, 81 வயதான மூத்த தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், கர்த்தர் வீட்டைக் கட்டாராகில் அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா என்ற சங்கீத வசனத்தைச் சொல்லி, நாள்தோறும் ஜெபத்தோடு தொடங்கலாம் என்று முன்மொழிந்தார். இத்தனை நாளுக்குப் பிறகு போதகரை அழைத்தால் உள்ளே பிளவு என்று ஊர் பேசும் என்றார்கள் சிலர். போதகருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றார் ஒருவர். வாக்கெடுப்பே இல்லாமல் அன்றைய கூட்டம் கலைந்தது. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் தேவையில்லை என்று கருதியதாக ஃபிராங்க்ளினே குறித்துவைத்தார்.

முடிவில் வந்த சாசனத்தில், ஆண்டைக் குறிக்கும் "நம்முடைய கர்த்தரின் ஆண்டு" என்ற வழக்கமான சொற்றொடரையும், குடியரசுத் தலைவர் மசோதாவைப் பரிசீலிக்கும் பத்து நாளில் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிடும் விதியையும் தவிரக் கிறிஸ்தவச் சாயல் இல்லை. ஆறாவது பிரிவு, அரசுப் பதவி எதற்கும் மதத் தகுதிச் சோதனை ஒருபோதும் இருக்கக் கூடாது என்கிறது. இதை அந்தக் காலத்தவர் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. சாசனத்துக்கு ஒப்புதல் தர வட கரோலினாவில் கூடிய மன்றத்தில், இந்த வழியே யூதரும் புறமதத்தாரும் முகமதியரும் பதவிக்கு வந்துவிடுவார்களே என்று அச்சம் தெரிவிக்கப்பட்டது. யாரையாவது விலக்கினால் நாம் போராடிய சமய சுதந்திரமே போய்விடும் என்று ஜேம்ஸ் அயர்டெல் பதில் சொன்னார். மாசசூசெட்ஸ் மன்றத்தில் இந்தப் பிரிவை ஆதரித்துப் பேசியவர் ஐசக் பாக்கஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர். சமயம் என்றைக்கும் தேவனுக்கும் தனிமனிதனுக்கும் இடைப்பட்ட விஷயம் என்பதை வேதாகமமே காட்டுகிறது என்பது அவர் வாதம்.

முதலாவது சட்டத்திருத்தம் 1789இல் முன்மொழியப்பட்டு 1791இல் நடைமுறைக்கு வந்தது. மதத்தை நிறுவும் சட்டத்தையோ மத வழிபாட்டைத் தடுக்கும் சட்டத்தையோ காங்கிரஸ் இயற்றக் கூடாது என்கிறது அது. காங்கிரஸ் என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். மாநிலங்களை அது அப்போது கட்டுப்படுத்தவில்லை. அந்த ஆவணத்தில் பிரதிநிதிகள் சபைத் தலைவராகக் கையொப்பமிட்ட ஃபிரெடரிக் முலன்பர்க், லூத்தரன் போதகராக இருந்தவர். அவருடைய தந்தையைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரத்து மிஷன் நிறுவனம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கும் அதே ஹாலே வட்டாரத்தின் பயிற்சியில் உருவானவர் என்பதைத் தமிழ் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். ஹாலேயில் படித்த ஒரு போதகர், அரசு எந்தச் சபையையும் நிறுவக் கூடாது என்ற திருத்தத்துக்குக் கையொப்பமிட்டதில் முரண்பாடு இருப்பதாக அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அதே காங்கிரஸ் தனக்குச் சம்பளம் பெறும் குருமார்களை நியமித்துக்கொண்டது. திருத்தத்தின் வாசகத்தை முடித்த கையோடு, தேசிய நன்றியறிதல் நாள் ஒன்றை அறிவிக்குமாறு வாஷிங்டனைக் கேட்டுக்கொண்டது, அவரும் அறிவித்தார். அடுத்த ஆண்டு நியூபோர்ட் யூத சபைக்கு எழுதிய கடிதத்தில் அதே வாஷிங்டன், மதவெறிக்கு இந்த அரசு இடம் கொடுக்காது, துன்புறுத்தலுக்குத் துணை போகாது என்றும், ஆபிரகாமின் சந்ததியார் ஒவ்வொருவரும் தன் திராட்சச்செடியின் கீழும் அத்திமரத்தின் கீழும் அச்சமின்றி உட்காரட்டும் என்றும் வேதாகமச் சொற்களாலேயே உறுதியளித்தார். 1797இல் திரிப்போலியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவு, அமெரிக்க அரசு எவ்வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. செனட் அதை ஒருமனதாக ஏற்றது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் கையொப்பமிட்டார். ஒரு முஸ்லிம் அரசை அமைதிப்படுத்த எழுதிய வாசகம்தானே, அரபு மூலத்தில் அந்தப் பிரிவே இல்லையே, 1805ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் அந்த வாசகம் விடப்பட்டதே என்று சொல்வார்கள். மூன்றும் உண்மை. ஆயினும் செனட்டர்கள் வாக்களித்த ஆங்கிலப் பிரதியில் அது இருந்தது. ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. அரசின் அடித்தளத்தைப் பற்றிய கூற்றாக அதை ஏற்கலாம். மக்களின் சமயத்தைப் பற்றிய கூற்றாக நீட்டக் கூடாது. ஏனெனில் அதே ஆடம்ஸ் அடுத்த ஆண்டே, நம் சாசனம் ஒழுக்கமும் சமயப் பற்றும் உள்ள மக்களுக்காகவே ஆக்கப்பட்டது என்று எழுதினார்.

1802ஆம் ஆண்டின் முதல் மூன்று நாட்கள் இந்த முழு விவகாரத்தையும் கண்முன் நிறுத்துகின்றன. ஜனவரி 1 அன்று, மாசசூசெட்ஸின் செஷயர் என்ற சிற்றூரிலிருந்து 1,235 பவுண்டு எடையுள்ள ஒரே பாலாடைக்கட்டியைக் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனிடம் சேர்ப்பித்தார் அந்த ஊரின் பாப்டிஸ்ட் போதகர் ஜான் லேலண்ட். போதகர் வரியை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவர் அவர். ஊர்ப் பசுக்களின் பாலைச் சேர்த்து, சுதந்திரமான உழவர்களின் மனைவியரும் மகள்களும் ஓர் அடிமையின் உதவியும் இல்லாமல் செய்தது இது என்று ஊரார் எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு வரி, பெற்றுக்கொண்டவரின் மனத்தைத் தைத்திருக்க வேண்டும். ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று 1667இலேயே சட்டம் இயற்றியது ஜெஃபர்சனின் வர்ஜீனியா. விடுதலையும் சமய சுதந்திரமும் பேசிய தலைவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள், அதற்கும் அதே வேதாகமத்திலிருந்து வசனம் எடுக்கப்பட்டது. கிறிஸ்தவத்தின் பங்கைக் கணக்கிடும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட முடியாது.

அதே நாளில்தான் ஜெஃபர்சன், கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட் சங்கத்துக்கு, திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே ஒரு பிரிவினைச் சுவரை முதலாவது திருத்தம் எழுப்பியிருக்கிறது என்ற புகழ்பெற்ற கடிதத்தில் கையொப்பமிட்டார். ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை. பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் நடந்த ஆராதனைக்கு அவர் சென்று அமர்ந்தார், பிரசங்கித்தவர் லேலண்ட். சுவர் பொய் என்று இதை வைத்து வாதிடுபவரும் உண்டு, ஜெஃபர்சன் நடித்தார் என்பவரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருப்பமுள்ளவர் வந்து கேட்கும் ஆராதனைக்கும், விருப்பமில்லாதவரிடமும் வரி வாங்கி நடத்தும் சபைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த இருவருமே தெளிவாக அறிந்திருந்தார்கள். தேசிய உபவாச நாட்களை அறிவிக்க மறுத்த ஜெஃபர்சன் ஆராதனையில் உட்கார மறுக்கவில்லை.

நாணயத்தில் உள்ள "நாங்கள் கடவுளை நம்புகிறோம்" என்ற வாசகத்தை ஸ்தாபகர்களின் சாட்சியாகக் காட்டுவது தவறு. அது முதலில் அச்சானது உள்நாட்டுப் போர் நடந்த 1864இல். தேசிய வாசகமானது 1956இல்.

மாநிலத் திருச்சபைகள் எந்த நீதிமன்றத் தீர்ப்பாலும் ஒழியவில்லை, உள்ளிருந்தே உதிர்ந்தன. மாசசூசெட்ஸில் 1820இல் வந்த டெடம் வழக்குத் தீர்ப்பு, சபையின் சொத்து வரி கட்டும் ஊரார் அனைவருக்கும் உரியது, சபை அங்கத்தினருக்கு மட்டும் உரியதல்ல என்றது. அதனால் பல ஊர்களில் ஆலயமும் சொத்தும் திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன்களின் கைக்குப் போயின. அதுவரை அரசு ஆதரவைக் காத்துவந்த பழமைப் பற்றாளர்களே அதற்கு எதிராகத் திரும்பினார்கள். 1833இல் அந்த அரசு ஆதரவு நீக்கப்பட்டது.

கனெக்டிகட்டில் அது 1818இலேயே முடிந்துவிட்டது. அரசுத் திருச்சபையைக் காக்க அங்கே முன்னணியில் நின்றவர் லைமன் பீச்சர் என்ற போதகர். தன் தரப்பு தேர்தலில் தோற்ற மறுநாள் அவர் சமையலறை நாற்காலியில், தலை மார்பில் சாய, கைகள் தொங்க உட்கார்ந்திருந்ததை அவருடைய பிள்ளைகளில் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்பா, என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "தேவனுடைய சபையை" என்றாராம். பல ஆண்டுகள் கழித்து அதே பீச்சர், கனெக்டிகட்டுக்கு நிகழ்ந்தவற்றிலேயே மிக நல்ல காரியத்துக்காகத்தான் அன்று அத்தனை வேதனைப்பட்டேன் என்று எழுதினார். அரசின் தயவைச் சார்ந்திருந்த நிலையிலிருந்து சபைகளை அது விடுவித்தது, தங்கள் சொந்த முயற்சியையும் தேவனையும் மட்டுமே நம்பி நிற்கச் செய்தது என்பது அவர் சொன்ன காரணம்.